நாற்பத்து நான்காவது பெயர்

ஆர்டித் க்ளிங்கர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தாள். அவள் கையால் சாப்பிடாத ஆள் எங்கள் ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே கிடையாது. ஆனால் அவள் பேச்சு வந்தால் யாரும் சாப்பாட்டைச் சொல்வதில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயர் வாசித்தவள் என்பார்கள். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வாக்கு மாறினவள் என்றும் சொல்வார்கள். இரண்டாவது சொல் உண்மை அல்ல. அது எப்படி வந்தது என்று முழுவதும் தெரிந்த ஆள் நான்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

நெப்ராஸ்காவில் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர் எங்களுடையது. வருடந்தோறும் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிடும். போரில் செத்த எங்கள் ஊர்க்காரர்கள் நாற்பத்து மூன்று பேர். ஒருவர் அவர்களுடைய பெயர்களை வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி அடிக்கும். மணியின் ஒலி வயல்மேல் போய் அடங்கிய பிறகுதான் அடுத்த பெயர். மணி ஒலிக்காமல் வாசிப்பவர் அடுத்த பெயருக்குப் போகக்கூடாது, நின்ற இடத்தைவிட்டு அசையவும் கூடாது. முதல் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து இதுதான் முறை. மணிக்கயிறு என் கையில் இருந்தது.

அந்த வேலை எனக்கு வந்ததற்குக் காரணம் என் இடது காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அது போய்விட்டது. என் வகுப்புப் பையன்கள் எல்லாரும் வியட்நாமுக்குப் போனபோது ராணுவ டாக்டர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டுக்கொண்டே காலத்தைக் கழித்தேன். போகாதவன் போய்வந்தவர்களை எதிர்த்துப் பேசுவது எங்கள் ஊரில் வழக்கம் இல்லை. நான் பேசியதும் இல்லை.

ஆர்டித் என் வகுப்புதான். செக் நாட்டிலிருந்து வந்து நிலம் உழுத குடும்பத்துப் பெண். எளிதில் பழகக்கூடியவள் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு கேட்கிற பிள்ளையிடம், “மொதல்ல போட்டத என்ன பண்ணின, காட்டு” என்பாள். தேவாலயத்தில் பாதிரியார் ஒரு வசனத்தைத் தவறாகச் சொன்னால் முதல் வரிசையிலிருந்து தலையை ஆட்டுவாள். தினமும் காப்பிக்கு முன்னால் வாசலில் கொடி ஏற்றுவாள். மழை வந்தால் ஈரத் துணிகளை விட்டுவிட்டுக் கொடியை எடுக்க ஓடுவாள்.

ஒருமுறை பாதிரியாரின் உறவினர் ஒருவர் நார்வேயிலிருந்து வந்திருந்தார். விருந்தில், தங்கள் நாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனால் யாரும் வீட்டை விற்பதில்லை என்றார். எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆர்டித் மட்டும், “நல்ல நாடாத்தான் இருக்கும். இருந்தாலும் எங்க நாடு வேற” என்றாள்.

“எப்படி வேற?” என்று அவர் கேட்டார்.

“எல்லா நாடும் தப்பு பண்ணும். எங்க நாடு பண்ணினா ஒத்துக்கும்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நான் படித்தவற்றில் தேசபக்தியைப் பற்றி நிறைய இருக்கிறது; பெரும்பாலும் பெருமை, அல்லது பெருமைமீது கேலி. ஆர்டித்திடம் இருந்தது இரண்டும் அல்ல. ஒரு நல்ல மனிதனைக் கல்யாணம் செய்துகொண்டவள் அவனைப் பற்றி வைத்திருக்கும் எதிர்பார்ப்பு போன்றது அது.

பெயர் வாசிக்கும் பொறுப்பு 1994இல் அவளுக்கு வந்தது. அதற்கு முன்னால் வாசித்தவர்கள் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்கள். அவள் அந்த வருடம் பனி உருகியதும் காரை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிப்போய், “உங்க வீட்டுல இவர எப்படிக் கூப்பிடுவீங்க?” என்று கேட்டுவந்தாள். 1944இல் செத்த ஒரு பையனின் பெயரை ஐம்பது வருடமாகத் தவறாக வாசித்துவந்தோம் என்று அவனுடைய அக்கா சொல்லித்தான் தெரிந்தது. ஆர்டித் கல்லறைத் தோட்டத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று, “அம்பது வருஷம் தப்பா சொல்லியிருக்கோம். வெக்கமா இருக்கு. இனிமே சரியா சொல்வோம்” என்றாள். வழக்கமாக யாரும் கை தட்டாத அந்தச் சடங்கில் அன்று கை தட்டினார்கள். விழாக் குழுவின் தலைவன் மெர்ல் ஸ்டுட்ஸ்மன் என் பக்கம் குனிந்து, கேட்கிற காதில், “இந்த வேல இனிமே இவளுக்குத்தான்டா” என்றான்.

மெர்லும் எங்கள் வகுப்பு. வியட்நாமுக்குப் போய் வந்தவன். அவனுக்கு மூன்று மாதம் முன்னால் போன அண்ணன் ஜீன் திரும்பவில்லை. பட்டியலில் ஜீன் நாற்பத்து ஒன்றாவது பெயர்.

ஆர்டித்துக்கு ஒரு மகள், ஒரு மகன். கணவர் லெஸ்டர் பிள்ளைகள் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். மகள் டென்வரில் குடும்பமாக இருக்கிறாள். மகன் கர்ட் மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தான். கூடவே வாரக்கடைசி ராணுவப் பயிற்சியிலும் சேர்ந்திருந்தான். 2004இல் அவனை இராக்குக்கு அனுப்பினார்கள். அங்கே முகாமின் குப்பையைப் பெரிய குழியில் கொட்டி, விமான எண்ணெயை ஊற்றி எரிப்பார்கள். டயர், பேட்டரி, பிளாஸ்டிக், ஆஸ்பத்திரிக் கழிவு எல்லாம் அதில் போகும். பதினோரு மாதம் அந்தக் குழியைக் கிளறுவது கர்டின் வேலை. ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பினான். ஊரே பந்தல் போட்டு வரவேற்றது. மூன்றாவது வருடம் கம்பத்தின் பாதிவரைகூட ஏற முடியவில்லை. 2010 நவம்பரில் செத்தான். முப்பத்து நான்கு வயது.

பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. படைப்பணியால் வந்த சாவு என்று அரசாங்கக் காகிதம் வேண்டும். ஆர்டித் விண்ணப்பித்தாள். நோய்க்கும் பணிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. அவள் மறுபடியும் எழுதினாள். மறுபடியும் அதே பதில். மூன்றாவது கடிதத்தை எங்கள் கிடங்கு அலுவலகத்துக்கே எடுத்துவந்து, முந்தைய இரண்டையும் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டினாள்.

“பாத்தியா வெண்டல். மூணும் ஒரே வாக்கியம். தேதி மட்டும் வேற. யாரும் படிக்கவே இல்ல.”

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: ஆமாம், எங்களால்தான். அது வந்திருந்தால் அதை மடித்து வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் கொடி ஏற்றியிருப்பாள்.

2013 மார்ச் மாதம் வாரப் பத்திரிகையில் அவள் கடிதம் வந்தது. எனக்கு அது மனப்பாடம். “என் மகன் எதிரியின் புகையில் சாகவில்லை. நம்முடைய புகையில் செத்தான். அது தெரிந்தும் தெரியவில்லை என்று எழுதுகிறார்கள். என் நாடு பொய் சொல்கிறது. பொய் சொல்லாத நாடு என்று நம்பித்தான் நான் அவனை அனுப்பினேன்.” கீழே பெயர், முகவரி.

ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. எங்கள் ஊர் அப்படிச் செய்யாது. ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை தேவாலயத்தில் பலகாரம் விற்பார்கள். ஆர்டித்தின் கொலாச்சி, நடுவில் பிளம்ஸ் பழக்கூழ் வைத்த ரொட்டி, கதவு திறந்த கால்மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த வருடம் மதியம்வரை மூன்று தட்டும் அப்படியே இருந்தன. அவள் மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நானும் வாங்கவில்லை. எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆனால் முந்தைய வருடமும் இருந்தது.

அடுத்த வாரம் சாப்பாட்டுக் கடையில் காலைக் காப்பிக்கு நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அவள் உள்ளே வந்தாள். மெர்ல் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான்.

“உக்காரு ஆர்டித். உன்கிட்ட பேசணும்.”

“நின்னுகிட்டே கேக்கறேன்.”

“நாட்டப் பத்தி அப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“மெர்ல், நீ உன் பொண்டாட்டிய கொற சொல்றதில்லையா?”

“அது வேற.”

“என்ன வேற? பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டியவா கொற சொல்ற?”

யாரோ சிரித்தார்கள். மெர்லுக்குக் கழுத்து சிவந்தது.

“வீட்டுக்குள்ள சொல்வேன். பேப்பர்ல போட மாட்டேன்.”

“நானும் வீட்டுக்குள்ளதான் சொன்னேன். ரெண்டு வருஷம் கதவத் தட்டினேன். உள்ள ஆள் இருக்கு, லைட்டு எரியுது, தொறக்கல. தெருவுல நின்னு கத்தாம என்ன பண்ண?”

“வேற நாடா இருந்தா உன்னத் தூக்கி உள்ள போட்டிருப்பான், தெரியுமா?”

“வேற நாட்டோட ஏன் ஒப்பிடற? நாமதான் ஒப்பில்லாத நாடாச்சே. நீதானே வருஷா வருஷம் மைக்ல சொல்ற.”

மெர்ல் கொஞ்ச நேரம் காப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தான். பிறகு அவன் பேசியது வேறு குரலில்.

“அந்தப் பட்டியல்ல ஜீன் இருக்கான். உன் பையன் விஷயத்துல அவங்க பொய் சொன்னாங்கன்னா, என் அண்ணன் விஷயத்துல என்ன சொன்னாங்க? நான் எங்க போறது, சொல்லு.”

ஆர்டித் அவன் தோளில் கையை வைத்தாள். அவன் அதை எடுத்துவிட்டான். வாங்க வந்ததை வாங்காமலே அவள் போய்விட்டாள்.

மே மாதம் நெருங்கியது. குழுவில் பாதிப் பேர் அவள் வாசிக்கக்கூடாது என்றார்கள். மெர்ல் அவ்வளவு தூரம் போகவில்லை. பட்டியலில் உள்ள நாற்பத்து மூன்று பெயர்களோடு நிறுத்துவதாக அவள் வாக்குக் கொடுத்தால் போதும் என்றான். கேட்டுவர என்னை அனுப்பினான்.

நான் போனபோது அவள் கொல்லைப்புறத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் எழுந்திருக்காமலே கேட்டாள்.

“அவன் அனுப்பினானா, நீயா வந்தியா?”

“ரெண்டும்தான்.”

“உனக்கு ஒரு காது கேக்காது. இன்னொண்ண மெர்ல்கிட்ட குடுத்துட்ட.”

“ஆர்டித், பத்தொம்பது வருஷம் வாசிச்சிருக்க. ஒரு வார்த்த சொல்லிடேன். எல்லாம் சரியாயிடும்.”

“கர்ட ஒமாஹா ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனது?”

“நான்தான்.”

“வழியில எத்தன தடவ வண்டிய நிறுத்தின?”

“ஆறு.”

“அவன் உன்கிட்ட என்ன சொன்னான்?”

குழிக்குப் பக்கத்திலேதான் தூங்குவோம், காலையில் தலையணை கறுப்பாக இருக்கும் என்று கர்ட் சொல்லியிருந்தான். இருமலுக்கு நடுவே, வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு. அது ஆர்டித்துக்கும் தெரியும்.

“வாக்கெல்லாம் குடுக்க மாட்டேன். அப்படியே போய்ச் சொல்லு” என்று அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

மெர்ல் தன் வண்டியில் சாய்ந்து நின்று எனக்காகக் காத்திருந்தான். “ஒத்துக்கிட்டாளா?” என்றான். ஒத்துக்கொண்டாள் என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை என்றால் அவளை விலக்கிவிடுவார்கள். எப்படியும் மேடையில் ஏறினால் முறையை மீறமாட்டாள். நான் அவளுக்கு உதவிதான் செய்கிறேன். இப்படியெல்லாம் அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில், முகம் சுளிக்கிற மெர்லைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை காற்று பலமாக இருந்தது. கல்லறைகளில் செருகிய சின்னக் கொடிகள் எல்லாம் ஒரே பக்கம் படபடத்தன. ஆர்டித் நீல உடையில் வந்து மேடை ஏறினாள். ஒவ்வொரு பெயரையும் அந்தந்த வீட்டார் கூப்பிடுகிற மாதிரியே வாசித்தாள். ஜீனின் பெயரை வாசிக்கும்போது மெர்லைப் பார்த்து வாசித்தாள். நான் மணி அடித்தேன். நாற்பத்து மூன்றாவது மணி அடங்கியது. அவள் காகிதத்தை மடித்தாள். முடிந்தது என்று நான் கயிற்றைத் தளர்த்தினேன்.

“கர்ட் ஆலன் க்ளிங்கர்” என்றாள்.

சாதாரணமான குரலில்தான் சொன்னாள். மற்ற நாற்பத்து மூன்று பேருக்கும் இருந்த அதே குரல். கயிறு என் கையில் இருந்தது. மெர்ல் என்னைத் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தில் தெரிந்த முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. ஆர்டித் மட்டும் பார்க்கவில்லை. நேரே வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கை அசையவில்லை.

மணி ஒலிக்காததால் அவள் நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெர்ல் துப்பாக்கி வரிசைக்குக் கை காட்டினான். ஏழு கிழவர்கள் வானத்தை நோக்கி மூன்று முறை சுட்டார்கள். அவள் நின்றாள். ஊதுகொம்பில் கடைசி இசை வாசித்தார்கள். அவள் நின்றாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றியிறைச்சியும் உருளைக்கிழங்கும் தயாராக இருக்கிறது என்று அறிவித்தார்கள். மக்கள் மெதுவாக, அவளைச் சுற்றிக்கொண்டு, கார்களை நோக்கிப் போனார்கள். நான் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு அவர்களோடு போனேன்.

வாக்குக் கொடுத்து மாறிவிட்டாள் என்று மெர்ல் அன்று மதியமே எல்லாரிடமும் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது உண்மை. நாட்டைக் குறை சொன்னதைக்கூட ஊர் நாளடைவில் மன்னித்திருக்கும். வாக்கு மாறியதை எங்கள் ஊர் மன்னிக்காது. அடுத்த வருடத்திலிருந்து பெயர்களை மெர்ல் வாசித்தான். ஆர்டித் ஒவ்வொரு வருடமும் வந்தாள். கடைசி வரிசைக்கும் பின்னால், வேலி ஓரம் நின்றாள். தினமும் காலையில் கொடி ஏற்றுவதையும் அவள் விடவில்லை. 2019 பிப்ரவரியில் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து செத்தாள். சாவுக்கு வந்தவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும்.

மூன்று வருடம் கழித்து வாஷிங்டனில் சட்டம் வந்தது. அந்தக் குழிகளின் புகையால் வந்த நோய்களைப் படைப்பணியால் வந்தவை என்றே கொள்ளவேண்டும் என்றது. ஆர்டித்தின் மகள் டென்வரிலிருந்து மறுபடியும் விண்ணப்பித்தாள். காகிதம் வந்தது. அதன் நகலை மெர்லுக்கு அனுப்பிவைத்தாள். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. விழாவுக்கு வரவும் இல்லை.

2023 மே மாதம் மெர்ல் நாற்பத்து நான்கு பெயர்களை வாசித்தான். கடைசிப் பெயரை நன்றாகவே வாசித்தான். நான் மணி அடித்தேன். அந்த ஒலியைக் கேட்க அந்த வீட்டார் ஒருவரும் அங்கே இல்லை.

பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். மெர்லுக்கு மனம் நிறைந்திருந்தது. அருகில் இருந்தவர்களிடம் சொன்னான்: “பாத்தீங்களா? தப்பு நடந்துச்சு, ஒத்துக்கிட்டாங்க. வேற எந்த நாட்டுல இது நடக்கும், சொல்லுங்க.”

எல்லாரும் ஆமோதித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதத்தான் ஆர்டித் சொன்னா” என்றேன்.

மெர்ல் சிரித்த முகத்தோடு திரும்பினான். “அவ நாட்டத் திட்டினா, வெண்டல்.”

“அவ சொன்னதுதான் இப்ப காகிதத்துல வந்திருக்கு.”

“சரி. ஆனா அவ அப்பவே சொன்னாளே. அவங்க ஒத்துக்கறதுக்கு முன்னாடி” என்றான். அதில் கேலி இல்லை. அவனுக்கு அது தெளிவான பதிலாகவே இருந்தது. “அதுவும் என்கிட்ட வாக்குக் குடுத்துட்டு.”

“அவ வாக்கே குடுக்கல, மெர்ல்.”

“என்ன?”

“குடுக்க மாட்டேன்னுதான் சொல்லி அனுப்பினா. நான் உன்கிட்ட மாத்திச் சொன்னேன்.”

அவன் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். மேசையில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

“ஆறு வருஷம் அவளப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கேன்” என்றான். “சாவுக்குப் போகல.”

“தெரியும்.”

“நீ சொன்னது அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? ஊரே வாக்கு மாறினவள்னு சொல்லுது. வந்து கேட்டது நான் ஒருத்தன்தான்.”

“உன்ன அவ ஒண்ணும் கேக்கலையா?”

“கேக்கல. ஞாயித்துக்கிழம தேவாலய வாசல்ல எதிர்ல வருவா. ‘எப்படி இருக்க, வெண்டல்’னு கேப்பா. நல்லா இருக்கேன்னு சொல்வேன். அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் அங்கயே நிப்பா.”

“அப்புறம்?”

“அப்புறம் போயிடுவா.”